ஒரே கோலில் இரண்டு அளவு

பார்மென் என் புருஷன் லுக்கியானின் தம்பி. தச்சன். மேஸென் ஆற்றோரம் எங்கள் செல்கா ஊரில் அவன் கை படாத வீடு என்று தேடினால் இரண்டோ மூன்றோதான் தேறும். ஆளைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் நின்றால் என் காது வரைதான் வருவான். என் புருஷனோ எந்த வாசலிலும் தலை இடிக்கிற ஆள். "அம்மா பிசைஞ்ச மாவையெல்லாம் மூத்தவனுக்கே போட்டுட்டா அண்ணி, பாத்திரத்துல ஒட்டிக்கிட்டிருந்தத வழிச்சுத்தான் என்னைப் பண்ணினா" என்று பார்மெனே சொல்லிச் சிரிப்பான். போருக்குப் போனவன் இடது கையில் இரண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில்தான் இருந்தான், என் கையால்தான் சாப்பிட்டான், என்னிடம்தான் திட்டும் வாங்கினான்.

அவனிடம் ரம்பம் கிடையாது. அறுத்த மரம் வாயைப் பிளந்துகொண்டு மழையைக் குடிக்கும், கோடரியால் வெட்டிய மரம் அடிபட்டு வாயை மூடிக்கொள்ளும் என்பான். பக்கத்து ஊர்த் தச்சர்கள் அரை நாளில் அறுத்துத் தள்ளுகிற வேலையை இவன் மூன்று நாள் வெட்டுவான். கைப்பிடி ஒரு பக்கமாக வளைந்த அகலக் கோடரி ஒன்று வைத்திருந்தான். கட்டையின் பக்கவாட்டைச் செதுக்கும்போது முட்டி இடிக்காமல் இருப்பதற்கு. பட்டை உரிக்க, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தி. குடைவதற்கு வளைந்த வாச்சி. இவற்றையெல்லாம் இரவல் கேட்டால் முணுமுணுத்துக்கொண்டு கொடுப்பான். கொடுக்கவே மாட்டாத சாமான் ஒன்று உண்டு. பழைய புல்லரிவாளை உடைத்து அவனே அடித்துக்கொண்ட இரட்டைப்பல் இரும்பு. கீழ்க்கட்டையின் மேல் மேல்கட்டையை வைத்து, அந்த இரும்பை இரண்டுக்கும் நடுவில் இழுத்துக்கொண்டே போவான். ஒரு பல் கீழ்க்கட்டையின் மேடுபள்ளத்தைத் தொட்டுக்கொண்டு போகும், இன்னொரு பல் அதை அப்படியே மேல்கட்டையில் கீறும். அந்தக் கீறல்வரை வாச்சியால் குடைந்து உட்கார வைத்தால் இரண்டு மரத்துக்கும் நடுவில் தலைமுடி போகாது. அந்த இரும்பு மரத்தில் போகும்போது ஒரு சத்தம் வரும். பல்லைக் கூச வைக்கிற சத்தம். எங்கள் ஊரில் நாய்கூட அதைக் கேட்டால் எழுந்து போய்விடும்.

முடி போகாவிட்டாலும் குளிர் போகும். அதற்குத்தான் நான். சதுப்பிலிருந்து பாசி அள்ளிவந்து காயவைத்து, கட்டைக்குக் கட்டை பரப்பி, சுவர் எழும்பியதும் பிர்ச் மரத்தில் செய்த தட்டைக் கத்தியால் இடுக்கெல்லாம் குத்தி அடைப்பது என் வேலை. பதினான்கு வீட்டுக்குப் பாசி அடைத்திருக்கிறேன். அதனால் நான் சொல்வதெல்லாம் கூடவே நின்று பார்த்தது.

நாற்பத்தெட்டாம் வருஷம் வசந்தத்தில் உஸ்தீன்யாவின் வீடு எரிந்துபோனது. புருஷன் போரில் காணாமல் போனவன். செத்தான் என்று கடிதமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஆறு வயது மகளோடு ஆற்றோரக் குளியல் குடிசையில் போய் ஒண்டிக்கொண்டாள். குளிர்காலத்தில் அதற்குள் இருந்தால் இரண்டு பேரும் விறைத்துப் போவார்கள். கூட்டுப்பண்ணைத் தலைவர் நாற்பது பைன் மரம் வெட்டிக்கொள்ள அனுமதித்தார். பார்மென் கேட்காமலே கோடரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அவனுக்கு உஸ்தீன்யாமேல் ஒரு கண் என்பது ஊருக்கே தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

வீடு தொடங்குமுன் அந்த வீட்டுக்காரியின் அளவை எடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு கோல். முழங்காலுக்கு ஒரு வெட்டு, அது உட்காரும் பலகையின் உயரம். உட்கார்ந்தால் முழங்கை வருமிடத்தில் ஒரு வெட்டு, அது சன்னல். உச்சந்தலைக்கு ஒரு வெட்டு, அது வாசல். வீடு முடிந்து முதல் தீ மூட்டும்போது கோலை அந்த அடுப்பிலேயே எரித்துவிடுவோம். அளவு வீட்டோடு கலந்துவிடும். செத்தவர்களுக்கும் பெட்டி செய்ய அளவு எடுக்கத்தான் வேண்டும். அந்தக் கோல் பெட்டிக்குள் போய்விடும். போகாவிட்டால், செத்தவர் அதைத் தேடிக்கொண்டு வருவார். உயிரோடிருப்பவர் அளவு மண்ணுக்குள் போய்விட்டால் ஆளும் பின்னாலேயே போக வேண்டும். இதையெல்லாம் யாரும் எங்களுக்கு உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. நெருப்பில் கை வைக்கக்கூடாது என்பது மாதிரித் தெரியும்.

உஸ்தீன்யா நல்ல உயரம். அளவெடுக்கிற அன்று பார்மென் ஒரு மரத்துண்டை உருட்டி வந்து அதன்மேல் ஏறி நின்றான்.

"கழுத்த நீட்டாத, நேரா நில்லு."

"நான் நேராத்தான் நிக்கிறேன். நீ வேணும்னா இன்னொரு கட்டை போட்டு ஏறு."

கூட வேலை செய்கிற ஜோசிமாவுக்கு ஒரு கண்தான். அந்த ஒற்றைக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "விழுந்து வைக்காதடா பார்மென். உனக்கும் சேத்து இன்னைக்கே அளவெடுக்கற மாதிரி ஆயிடும்."

பார்மெனுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் அந்த வெட்டை எவ்வளவு மெதுவாக வெட்டினான் என்று நான் பார்த்தேன்.

ஜூலையில் சுவர் தோளுயரம் வந்திருந்தது. வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் புல்லறுக்கப் போனோம். மூன்றாம் நாள் மதியம் என் புருஷன் ரொட்டியும் உப்பு மீனும் தின்றுவிட்டு வைக்கோல் போர் நிழலில் படுத்தார். எழுப்பப் போனேன். எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொன்பது வயசு. ஒரு தலைவலி என்றுகூடச் சொன்னதில்லை.

பலகையில் கிடத்தியிருந்தோம். அந்த வருஷம் வெயில் அப்படிக் கொளுத்தியது. ஈ மொய்த்தது. நான் ஒரு கையால் ஈயை விரட்டிக்கொண்டு இன்னொரு கையால் அவர் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். பார்மென் நடுவீட்டில் நின்றுகொண்டு, அளவெடுக்க ஒரு கோல் வெட்டிவர வேண்டும் என்று ஐந்து தடவை சொன்னான். ஒரு தடவையும் நகரவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நடைக் கதவோரம் சாத்தியிருந்த ஒரு கோலை எடுத்துவந்து அவன் கையில் திணித்தேன்.

"இந்தா, அள. இந்த வெயில்ல இன்னும் எத்தனை நேரம் போட்டு வச்சிருப்ப உங்கண்ணனை?"

அவன் கண் முழுக்கத் தண்ணீர். கோலை அவர் பக்கத்தில் வைத்தான், உடம்பின் நீளத்துக்கு ஒரு வெட்டு, தோளின் அகலத்துக்கு ஒரு வெட்டு வெட்டினான். அதற்கப்புறம்தான் கோலைத் திருப்பிப் பார்த்தான். முன்பக்கத்தில் உஸ்தீன்யாவின் மூன்று வெட்டும் இருந்தன.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கோல் பெட்டிக்குள்ளும் போக வேண்டும், அடுப்புக்குள்ளும் போக வேண்டும்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க அண்ணி," என்றான். "நான் பாத்துக்கறேன்."

நடைக்குப் போய், கோலை நிற்க வைத்து, முனையில் கோடரியை வைத்துத் தட்டினான். நீளவாக்கில் பிளந்தது. முதுகுப் பக்கம் அண்ணனுக்கு, முன்பக்கம் உஸ்தீன்யாவுக்கு. உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள், யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். ஒரு பாதியைச் சட்டைக்குள் ஒளித்தான். இன்னொரு பாதியைக் கொண்டுவந்து, நான் துணியைத் தூக்கிப் பிடிக்க, அவர் பக்கத்தில் செருகினான். மறுநாள் காலையில் புதைத்தோம்.

ஒன்பதாம் நாள் படையல் முடிந்தபின் அவன் சட்டைக்குள்ளிருந்த பாதியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்திருக்கிறான். நான் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். வேலியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். முகத்தில் ரத்தமில்லை.

"மரம் முறுக்கு மரம் அண்ணி. பிளவு நேரா போகல."

அவன் கையிலிருந்த பாதி நெஞ்சு உயரம் வரை சரியாக வந்து, அதற்கு மேல் கூராகி ஒன்றுமில்லாமல் முடிந்திருந்தது. பலகை வெட்டு இருந்தது, சன்னல் வெட்டு இருந்தது. வாசல் வெட்டு இல்லை. கோலின் தலைப்பக்கம் முழுசாக மற்றப் பாதியோடு போய்விட்டது. உஸ்தீன்யாவின் உச்சந்தலை அளவு என் புருஷனின் பெட்டிக்குள் இருந்தது.

"மறுபடி அவளை நிக்க வச்சு அளந்துக்க," என்றேன், சொல்லும்போதே அசட்டுத்தனம் என்று தெரிந்துகொண்டு.

"ஒரு ஆளுக்கு ரெண்டு அளவு ஏது? மேல ஒண்ணு, கீழ ஒண்ணு இருந்தா கீழ இருக்கறதுதான் இழுக்கும்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மண்ணு இன்னும் இறுகியிருக்காது. நீங்க சரின்னு சொன்னா, யாருக்கும் தெரியாம..."

"வாயைக் கழுவு. எவளோ ஒருத்தியோட வாசலுக்காக எம்புருஷனைத் தோண்டுவியா?"

"உங்களைக் கேக்காம தொட மாட்டேன் அண்ணி."

"அப்போ தொடாத."

அவன் தொடவில்லை. இதை நான் ஒளிக்காமல் சொல்கிறேன். கோலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான், திருப்பி எடுக்க விடாததும் நான்தான்.

வேலை மறுபடி தொடங்கியது. எங்கள் பக்கத்தில் சுவரெல்லாம் முழுசாக எழுப்பிவிட்டுத்தான் வாசலை வெட்டுவோம். அதுவரை ஏணி வைத்து மேலே ஏறி உள்ளே இறங்க வேண்டும். நாலு பக்கமும் மரம், மேலே வெள்ளை வானம், கதவுமில்லை சன்னலுமில்லை. அதற்குள் நான் தனியாக உட்கார்ந்து பாசி குத்திக்கொண்டிருந்தேன். புதைத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். சுவரின் அந்தப் பக்கம் அந்தப் பல்லைக் கூச வைக்கிற சத்தம் வந்தது. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி.

"முடிஞ்ச சுவத்துல என்னத்தக் கீறற?" என்று கத்தினேன்.

சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது. அப்போதுதான் ஆற்றுப்பக்கமிருந்து பார்மெனும் ஜோசிமாவும் சத்தம் போட்டுக்கொண்டு கட்டை உருட்டுவது கேட்டது.

ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தேன். வெளியே யாருமில்லை. காய்ந்த சிராய் மேல் ஒரு காலடி இல்லை. திரும்பி உள்ளே இறங்கியபோது, நான் அரை நாழிகைக்கு முன்னால் பாசி குத்திய சுவரில், உள்பக்கம், இரட்டைக் கீறல் இருந்தது. இடுகாட்டைப் பார்த்த மூலையில் தொடங்கி ஒரு கை நீளம். வெட்டிய மரத்தின் ஈரம் இன்னும் அதில் மின்னியது.

பார்மெனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தான். இரும்பு வாரில்தான் தொங்கியது. கீறல் பக்கத்தில் போய் நின்றான், அவன் தலைக்குச் சற்றுத்தான் கீழே இருந்தது.

"யார் தோள் உயரம்னு தெரியுதா அண்ணி?"

எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷம் என் மோவாயை வைத்துத் தூங்கின தோள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் கீறல் கொஞ்சம் நீண்டது. மூலை திரும்பியது. அடுப்பு வரப்போகிற இடத்தைத் தாண்டியது. வாசல் வெட்டப்போகிற சுவரைப் பார்த்துப் போனது. ஜோசிமா அதைப் பார்த்துவிட்டு, "எவன்டா விளையாடறது?" என்று கேட்டான். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை என்றதும் சிலுவை போட்டுக்கொண்டு, அதற்குப்பின் வெளிவேலை மட்டும்தான் செய்தான்.

உஸ்தீன்யா இளைக்க ஆரம்பித்தாள். ஆகஸ்ட் வெயிலில் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் சில்லிட்டுக் கிடக்கிறது என்றாள். இருமல் வந்தது. கிளவுட்பெர்ரிப் பழமும் தேனும் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிசை வாசலில் உட்கார்ந்து, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"அக்கா, பகல்லயே கண்ணு என்னமோ மாதிரி பண்ணுது. இந்த வாசல்ல யாரோ ஒருத்தர் குனிஞ்சு நிக்கறாப்ல இருக்கு. நல்ல உயரமான ஆளு. கையில ஒரு குச்சி. ஒண்ணும் பண்றதில்ல. நீட்டிக்கிட்டே நிக்கறாரு, வாங்கிக்கோங்கற மாதிரி."

"வாங்கினியா?"

"எந்திரிச்சுப் போனா இருக்கறதில்ல. நாளைக்கு கையை நீட்டிப் பாக்கறேன்."

"நீட்டாதடி!" நான் போட்ட சத்தத்தில் குழந்தை அழுதுவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பயம் ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். செத்தபின்னும் அவர் வந்தது அவள் வாசலுக்கு. என் வாசலில் ஒரு நாள் நின்றாரா? பேய்க்குக்கூடப் பொறாமைப்படுகிற பெண்பிள்ளை நான் ஒருத்திதான் இருப்பேன்.

பார்மெனிடம் சொன்னேன். அவன் கோடரியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணன் என்ன பண்ணுவாரு பாவம்," என்றான். "நாம கொடுத்தத வாங்கிக்கிட்டாரு. அது தன்னோடது இல்லன்னு இப்போ தெரிஞ்சுபோச்சு. திருப்பிக் கொடுக்க வாராரு. அவ வாங்கினா முடிஞ்சது."

"நாப்பது நாள் வரைக்கும்தானே வருவாரு?"

"நாப்பதுக்குள்ள அந்த வாசலுக்கு ஒரு அளவு கிடைச்சா வர வேண்டியதில்ல. கிடைக்கலைன்னா அவ கையை நீட்டிடுவா." கோடரியின் கூர்மையை விரலால் தொட்டுப் பார்த்தான். "யாரோட அளவா இருந்தா என்ன? உசுரோட இருக்கறவனோட அளவு வேணும். அவ்வளவுதான்."

அவன் என்ன நினைக்கிறான் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் கீறல் வாசல் இடத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் வந்திருந்தது. அன்று காலை அவன் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்றான். "அண்ணி, தலைக்கு மேல ஒரு வெட்டு வெட்டுங்க" என்று கோடரியை நீட்டினான். நான் அதை வாங்கவில்லை.

"வேணாண்டா பார்மென்."

"அப்போ மண்ணைத் தோண்ட விடுங்க."

நான் கோடரியை வாங்கி வெட்டினேன். என்னை யாரும் கல் நெஞ்சுக்காரி என்று சொன்னால் நான் சண்டைக்குப் போகப் போவதில்லை.

இரண்டு நாள் ஓயாமல் வெட்டி வாசலைத் திறந்தான். ஒரே பைன் மரத்தில் நிலைக்கால் செதுக்கினான், அவன் நின்றால் எவ்வளவோ அவ்வளவு. கட்டைகள் வருஷத்துக்கு வருஷம் கீழே அமர்வதற்காக நிலைக்கு மேலே விடுகிற இடைவெளியை நான் பாசியால் அடைத்தேன். நாற்பதாம் நாள் கதவு மாட்டி, அவனே முதலில் உள்ளே நுழைந்தான். பாதிக் கோலை அடுப்பில் போட்டுத் தீ மூட்டினான். கீறல் நிலைக்காலைத் தொட்டபடி நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஒரு நூல்கூட நகரவில்லை.

உஸ்தீன்யா மகளோடும் மூட்டையோடும் வந்தாள். உள்ளே நுழையும்போது மேல்நிலையில் 'ணங்'கென்று நெற்றி இடித்தது.

"யோவ் குள்ளா! என்னை அளந்தியா, உன்னை அளந்தியா?"

"வாசல் சின்னதா இருந்தா சூடு வெளிய போகாது," என்றான் பார்மென், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"சூடு போகாது, என் மண்டைதான் போகும். வாழ்நாள் முழுக்க உன்னைக் கும்பிட்டுக்கிட்டே நுழையணுமா நான்?"

ஒரு வாரத்தில் அவள் இருமல் நின்றது. காலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு உருளைக்கிழங்கு தோண்ட வந்தாள். செப்டம்பர் கடைசியில் என் வீட்டில் பார்மென் தன் படுக்கையோரச் சுவரை எனக்குக் காட்டினான். ஒரு விரல்கடை நீளத்துக்கு இரட்டைக் கீறல்.

"இங்க வந்துட்டாரு," என்றான், ஏதோ விருந்தாளி வந்த மாதிரி. "அந்த வாசல்ல இப்போ என் அளவு நிக்குது, குச்சிய இனி எனக்குத்தான் கொடுக்கணும், அதான் நாப்பது கடந்தும் அவசரமில்லாம வாராரு. நான் தம்பியில்லையா?"

ஒன்பது வருஷம் அப்படி வந்தார். வருஷத்துக்கு ஒரு சாண், சில வருஷம் ஒன்றரை. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பார்மென் சுவரோரம் போய் நின்று, "அண்ணி, எங்க வந்திருக்குன்னு பாருங்க, என் கண்ணு மங்கிப்போச்சு" என்பான். நான் விரலால் தடவிப் பார்த்துச் சொல்வேன். அந்தக் கீறல்மேல் சுண்ணாம்பு பூசிப் பார்த்தேன், மறுவாரமே சுண்ணாம்பைக் கீறிக்கொண்டு தெரிந்தது. இதற்கிடையில் அவன் இன்னும் ஆறு வீடு கட்டினான், கோடையிலும் கம்பளிக் காலுறையோடு. உஸ்தீன்யா வீட்டுக்கு மாதம் ஒரு தரமாவது போய் ஏதாவது பழுது பார்ப்பான். அவளும் ஒவ்வொரு தரமும் குனிந்து வெளியே வந்து அவனைத் திட்டுவாள். அந்தத் திட்டுக்காகவே போனான் என்று நினைக்கிறேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவிடவில்லை என்னை. ஒரே ஒரு தடவை மட்டும் சொன்னான்: "நான் போனா அந்த நிலைக்கால் என்கூட வரணும் அண்ணி. என் அளவு அதுதான். வரலைன்னா அந்த வாசல்லயே போய் நிப்பேன், அவ பயந்துக்குவா."

ஐம்பத்தேழு ஏப்ரலில் கீறல் நடைக்கதவைத் தொட்டது. அன்று காலை பார்லிக் கஞ்சி குடித்தான், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான். நான் அடுப்பிலிருந்து சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். தலையை மேசைமேல் வைத்திருந்தான்.

ஜோசிமா பெட்டி செய்ய வந்தான். கோல் வெட்டப் போனவனை நிறுத்தினேன். "அளவு இருக்கு. இரு, வாரேன்" என்று சொல்லிவிட்டு உஸ்தீன்யா வீட்டுக்கு நடந்தேன்.

அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கோலை எடுத்துத் திணித்தது யார், தோண்டக்கூடாது என்றது யார், அவன் தலைக்குமேல் வெட்டியது யார், ஒன்றையும் விடவில்லை. அவள் பிசைவதை நிறுத்தவில்லை. பிசைந்து முடித்து, துணியால் மூடி, கையைக் கழுவினாள்.

"ஒன்பது வருஷமாக் குனிஞ்சேன்," என்றாள். "ஒரு நாள்கூடத் திட்டாம நுழைஞ்சதில்ல."

கோடரியை எடுத்தாள். கதவைக் கழற்றிச் சுவரில் சாத்தினாள். மேலே நான் அடைத்த பாசியைப் பிடுங்கி எறிந்தாள். ஜோசிமா ஓடிவந்தான். "பைத்தியமாடி உனக்கு? வெளிய பனி கிடக்கு! வீட்டுக்குள்ள குளிர் பூந்துரும்!"

"பூரட்டும்."

"நான் பண்றேன், கொடு."

"நீ தள்ளு."

அந்த நிலைக்காலை ஆட்டி ஆட்டிப் பள்ளத்திலிருந்து உருவி, தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் தொடவிடாமல் ஊர் நடுவில் நடந்து வந்தாள். பின்னால் நடந்துகொண்டே ஜோசிமாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பார்மென் பக்கத்தில் வைத்தோம். இரண்டும் ஒரே நீளம். அப்போதுதான் அவள் அழுதாள். அந்த மாதிரி அழுகையைக் காணாமல் போன புருஷனுக்காகக்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

புதைத்து வந்தபின் மூன்று பேரும் அவள் வீட்டு வாசலில் நின்றோம். கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள், காற்றில் அது உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. மகள் அடுப்புமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஜோசிமா புதுக் கட்டை ஒன்றைச் செதுக்கி வைத்துக்கொண்டு, கேட்கத் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"யாரு அளவுக்கு வெட்டறது?"

"என் அளவுக்குத்தான்," என்றாள் உஸ்தீன்யா. பூட்ஸைக் கழற்றக் குனிந்தாள்.

"உன் அளவுதான் கீழ இருக்கேடி. இவ சொன்னாளே."

அவள் பூட்ஸைப் பிடித்தபடியே அசையாமல் இருந்தாள். ஜோசிமா தன் ஒற்றைக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவனுக்கு ஐந்து பிள்ளைகள், அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அடுப்புமேலிருந்து மகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதினைந்து வயசுப் பெண், எந்த நிமிஷமும் இறங்கி வந்து நான் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவாள் போலிருந்தது.

நான் பூட்ஸைக் கழற்றினேன். காலுறையையும் கழற்றினேன். தரை ஜில்லென்றிருந்தது. போய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றேன்.

"அக்கா..." என்றாள் உஸ்தீன்யா.

"இது உனக்கில்லடி," என்றேன். "நான் கொடுத்த கோலு அது. ஜோசிமா, வெட்டு. எனக்குக் கால் குளுருது."